தட்டுத் தண்ணீர்

மூக்கம்மா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. செல் வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். வளர்ப்புப் பெட்டிக்குள் ஏதாவது கெட ஆரம்பித்தால் மைக்ரோஸ்கோப்புக்குத் தெரிவதற்கு முன்னால் இவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். பத்து வருஷத்தில் மூன்று தடவை அப்படிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் தடவை ஆய்வுக்கூடத்துத் தலைவி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், எழுந்து நின்று கைதட்டினார். அவளுக்கு அதில் பெருமைதான். இல்லவே இல்லை என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த மூக்கு செத்துப் பதினொரு வாரம் ஆகியிருந்தது.

நாலு நாள் காய்ச்சல். போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் வியர்வையும் மழையும் அவளுக்கு ஒன்றுதான். தன்னை யாரென்று தெரியாத ஒரு மூக்கு டாக்டரைத் தேடிப் போய்க் காட்டினாள். "திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாக்கணும்" என்றார் அவர். ஒருநாள் வீட்டில் பால் தீய்ந்து சமையலறை முழுக்கப் புகை மண்டியபோது கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். "மூக்கம்மா வீட்லயே பால் தீயுதா? வெளிய சொல்லிடாத, வேலை போயிடும்" என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, போனில் இருந்தேன் என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவரை ஊரே கேலி செய்யும். மறைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும், முதல் நாள் அது பூசணிக்காயாக இருப்பதில்லை, வெறும் பிஞ்சுதான். நாளைக்கு வாசனை வந்துவிடும், யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது என்று அவள் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். பிஞ்சு தினமும் வளர்ந்துகொண்டிருந்தது.

அவள் வளர்ப்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுகுத்தண்டுக்குள் நரம்பு அறுந்தால் அறுந்ததுதான், தானாகச் சேராது. ஆனால் மூக்கின் உச்சியில் இருக்கும் வாசனை நரம்புகள் வாழ்நாள் முழுக்கச் செத்துச் செத்து முளைக்கின்றன. முளைக்கிற புது நரம்பைக் கைப்பிடித்து மூளைவரை கூட்டிப் போய் விடுவதற்கென்றே சில துணைச் செல்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பெருக்கி, முதுகில் அறுந்த இடத்தில் வைத்தால் அங்கேயும் அந்த வேலையைச் செய்யுமா என்று பார்ப்பதுதான் ஆய்வுக்கூடம் இருந்த ஆஸ்பத்திரியில் நடந்த சோதனைச் சிகிச்சை. செய்யலாம், செய்யாமலும் போகலாம். யாரும் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

இந்த முறை செல்கள் ஒரு பெயின்டருடையவை. மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர். முப்பத்து நாலு வயது. வலது நாசியிலிருந்து கடுகளவு சதை எடுத்த அன்று அதை வாங்கிப் போக வந்த மூக்கம்மாவிடம் அவர் சொன்னார்: "நடக்க வைப்பீங்களானு கேக்க மாட்டேன்கா. ஒண்ணுக்கு வர்றது முன்கூட்டியே தெரிஞ்சா போதும். தங்கச்சி முன்னாடி தினமும் தலைகுனிய வேண்டியிருக்கு பாருங்க."

அந்தக் கடுகு ஆறு வாரத்தில் பதினாலு பாட்டில் செல்லாக ஆகியிருந்தது. சோதனையின் விதி ஒன்று உண்டு: விழுந்து இரண்டு வருஷத்துக்குள் செல் முதுகில் சேர்ந்தாக வேண்டும். ஆபரேஷன் நாளன்று காலையில் பெயின்டருக்குப் பத்தொன்பது நாள் மிச்சமிருந்தது.

அன்று ஒன்பதரைக்கு மயக்க ஊசி. பத்தரைக்குள் முதுகைத் திறந்திருப்பார்கள். அப்போது செல் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டும். மூக்கம்மா ஏழரைக்கே வந்து அங்கி மாட்டி, கையுறை போட்டு, உள்ளே போனாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். வளர்ப்புப் பெட்டிக்குள் ஈரப்பதம் குறையாமல் இருக்க அடித்தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கும். பூஞ்சை வருவதென்றால் முதலில் வருவது அந்தத் தட்டில்தான். அதனால் தினமும் ஒரு சின்ன மூடிக் கப்பில் தட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, உடை மாற்றும் அறைக்குக் கொண்டுவந்து, முகக்கவசத்தை இறக்கி மோந்து பார்ப்பார்கள். தினசரித் தாளில் 'வாடை' என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதி டிக் போடுவார்கள். தட்டை மாதம் ஒரு முறை மாற்றினால் போதும், வாடை வந்தால் உடனே. கருவிகள் ஆயிரம் இருந்தும் இந்த ஒரு கட்டத்தை மேடம் எடுக்கவில்லை. பாட்டிலிலிருந்து எடுத்து வெளி லேபுக்குச் சோதிக்க அனுப்பும் துளியின் முடிவு வரப் பதினாலு நாள் ஆகும். கடைசியாக அனுப்பியதன் முடிவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரை காவல் மூக்குதான்.

எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு மூக்கம்மா கப்பைத் திறந்து மூக்கருகே பிடித்தாள். எழுபத்தேழாவது தடவையாக ஒன்றுமே இல்லை. டிக் போட்டாள். மூட மறந்து கப்பை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

அந்த நேரம் பார்த்து சிலிண்டர்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். வளர்ப்புப் பெட்டிக்கான கேஸ் சிலிண்டர் மாற்ற வாரம் ஒரு முறை வருகிறவர். கையெழுத்துப் புத்தகத்தை நீட்டியவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இங்க, ஈரத்துணிய மூட்டை கட்டி வெச்ச மாதிரி நாத்தம்?"

"எங்க?"

"இங்கதான். இந்த மேஜைகிட்ட. உங்களுக்குத் தெரியலயா? நீங்கதான் மூக்கம்மாவாச்சே."

அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சிலிண்டரை உருட்டியபடி போய்விட்டார். மூக்கம்மா மேஜைக்குப் பாய்ந்தாள். கப்பை எடுத்து மூக்கில் முட்டும்படி வைத்து இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை இழுத்தாள். காற்றுதான் வந்தது.

ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தள்ளினாள். நூல் நூலாக, கிளைவிட்டு, கணுக்கணுவாக. பூஞ்சை. ஒரே நாளில் வந்த கூட்டமாக அது தெரியவில்லை, குடும்பம் நடத்தி வெகு நாளான கூட்டமாகத் தெரிந்தது.

பிறகு பதினாலு பாட்டிலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம் பிடித்தது. செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நீளமாக, ஒரே திசையில் படுத்திருந்தன. அழகாக இருந்தன. நூல் எதுவும் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதற்கு இல்லை என்று அர்த்தம் கிடையாது. பாட்டில் மூடியில் காற்று போக வழி இருக்கிறது. திறந்து உணவு மாற்றிய நாட்களும் இருக்கின்றன.

ஒன்பது மணி அடித்துப் பத்து நிமிஷம். அவள் மேடத்தின் அறைக்கு ஓடினாள்.

"தட்டுல பூஞ்சை இருக்கு மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பாட்டில்ல?"

"பதினாலும் பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல."

"எப்பலேர்ந்து?"

மூக்கம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் மேடம் அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கி மேஜையில் விரித்துவிட்டார். விரல் கட்டம் கட்டமாக மேலே ஏறியது.

"நேத்து நீதான மோந்து பாத்திருக்க. முந்தாநாளும் நீதான். மூணு வாரமா எல்லாம் உன் டிக்." மேடம் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப நேத்திக்கு அப்புறம் வந்ததுதான். ஒரு நாள் பூஞ்சை தட்டுலேர்ந்து எழும்பி மூடியத் தாண்டிப் போகாது. வேற யாரு டிக்கா இருந்தாலும் நான் நம்ப மாட்டேன். உன்னுதுனா சரி. வெளிப்புறம் நல்லாத் துடைச்சு அனுப்பிடு. அவருக்கு இன்னொரு தேதி கிடைக்காது, தெரியும்ல?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்திருந்தால் அங்கேயே நழுவியிருக்கலாம். குற்றத்தைச் சொல்ல வந்தவளுக்கு, சொல்வதற்கு முன்பே மன்னிப்பு கிடைத்துவிட்டது. அதுவும் எதனால்? எந்த மூக்கு பொய்யோ அந்த மூக்கின் பேரால். அவள் சரி என்று தலையாட்டினாள். ஆமாம், ஆட்டினாள். வாசல்வரை நடந்து கதவுப் பிடியில் கையும் வைத்துவிட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பதினேழு. பாட்டிலில் பூஞ்சை இல்லாமலும் இருக்கலாம். ஒருவேளை பெயின்டருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்து, ஒன்றுக்கு வருவது முன்கூட்டியே தெரிந்து, அவர் தங்கைக்குக் கல்யாணம்கூட முடிந்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு நூல் இருந்தால் போதும். சதையில் சீழ் வைத்தால் கீறி எடுப்பார்கள். முதுகுத்தண்டுக்குள் வைத்தால் அது மேலே ஏறும். முதலில் கை போகும். அப்புறம் மூச்சு.

"மேடம், எனக்கு வாசனை தெரியாது."

"என்ன?"

"பதினொரு வாரமா. காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்பலேர்ந்து. அந்தத் தாள்ல என் டிக் அத்தனையும் பொய்."

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. தொலைபேசியை எடுத்து எண்ணைத் தப்பாக அழுத்தி, வைத்து, மறுபடியும் அழுத்தினார்.

"தியேட்டரா? ஊசி போட்டாச்சா? போடாதீங்க. ஊசியக் கீழ வைங்க. செல் வராது. ஆமா, வராது. டாக்டர்கிட்ட நானே வந்து பேசுறேன்." போனை வைத்தபோது ஒன்பது இருபத்து நாலு. மேடம் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "டாக்டர் திட்டுறத நான் வாங்கிக்கறேன். அந்தப் பையன்கிட்ட நீ போய்ச் சொல்லு."

தியேட்டருக்கு வெளியே நடைவழியில் சக்கரப் படுக்கையில் பெயின்டர் பச்சை அங்கியோடு படுத்திருந்தார். பக்கத்தில் தங்கை. அவள் கையில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு. இது நடக்க வைக்கிற வைத்தியம் இல்லை என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். அவளும் எத்தனை தடவை தலையாட்டியிருப்பாள். அப்புறம் கடைக்குப் போய் அண்ணன் அளவில் செருப்பு வாங்கியிருக்கிறாள். மூக்கம்மா படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, பூஞ்சை, மூக்கு, டிக். எதையும் மழுப்பவில்லை.

பெயின்டர் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்களுக்கு மூக்கு போனது இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுதா?"

"இல்ல தம்பி. முதல் நாள்லேர்ந்து தெரியும்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தங்கைதான் பேசினாள். "ரெண்டு வருஷமா எங்கண்ணன் இந்த ஒரு நாளுக்காகப் பல்லக் கடிச்சுட்டு இருந்தாரு. உங்களுக்கு என்ன, மூக்குதான போச்சு. போங்க. எங்க கண்ணு முன்னாடி நிக்காதீங்க."

மூக்கம்மா போனாள். மேடம் அவளை வளர்ப்பு அறைக்குள் விடவில்லை. வெளி அறையில் பழைய தாள்களை அடுக்கும் வேலை கொடுத்தார். அன்று வீட்டில் கணவரிடம் சொன்னாள். "பால் தீஞ்ச அன்னிக்கே என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பதினாலு பாட்டிலையும் குப்பையில் போடாமல் தனிப் பெட்டியில் வைத்துப் பார்த்துவந்தார்கள். மூன்றாம் நாள் மேடம் வந்து இரண்டு பாட்டிலை அவள் முன்னால் வைத்தார். அடியில் வெள்ளையாக, சுண்டுவிரல் நகமளவுக்குப் பஞ்சு. மைக்ரோஸ்கோப்பே தேவைப்படவில்லை. மூக்கம்மா அதைப் பார்த்து அழுதாள். பிழைத்தோம் என்று அழுதாளா, கெட்டோம் என்று அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

"ஆரம்பத்துல உறைய வெச்ச குப்பி ஒண்ணு இருக்கு" என்றார் மேடம். "உறைய வெச்ச அன்னிக்கே ஒரு துளி வெளி லேபுக்குப் போச்சு. பதினாலு நாள் பாத்துட்டு சுத்தம்னு சான்று கொடுத்திருக்காங்க. அதுலேர்ந்து வளர்த்தா முப்பது நாள். அவருக்கு இருக்கறது பதினாறு. சோதனைக் கமிட்டி மனசு வெச்சு நாள் கூட்டிக் கொடுத்தாத்தான். நீ போய் அவருகிட்ட இதையும் சொல்லு."

கண்ணு முன்னாடி நிக்காதீங்க என்று சொன்னவர்கள் முன்னால் மறுபடி போய் நிற்க எவ்வளவு தடித்த தோல் வேண்டும். அவளுக்கு அது இல்லை. இருந்தும் போனாள். வார்டில் தங்கை அவளைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். மூக்கம்மா பஞ்சைப் பற்றிச் சொன்னாள்.

"வெள்ளையாவா?" என்றார் பெயின்டர்.

"ஆமா."

"சுவத்துலயும் அப்படித்தான் வரும். கறை தெரியறதுக்கு முன்னாடி வாடை வந்துரும். வாடை வந்தா மேல பெயின்ட் அடிக்கக் கூடாது, சுரண்டி எடுக்கணும். அடிச்சீங்கனா ஆறு மாசம் பளபளனு இருக்கும். அப்புறம் மொத்தமா உரிஞ்சு விழும்." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீங்க பதினொரு வாரமா பெயின்ட் அடிச்சிருக்கீங்க."

"ஆமா தம்பி."

"கால் போனத மறைக்க எனக்கு வசதி இல்லாமப் போச்சு. இருந்திருந்தா நானும் மறைச்சிருப்பேனோ என்னவோ." அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஊசி போடறதுக்கு முன்னாடி வந்து சொன்னீங்கல்ல. அதுக்காகத்தான் இப்ப உங்ககூடப் பேசிட்டிருக்கேன். கமிட்டிக்கு லெட்டர் எழுதணும், பேனா எடுங்க. எனக்குக் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

தங்கை ஜன்னல் பக்கத்திலிருந்து, "அவங்க எழுத வேண்டாம், நான் எழுதறேன்" என்று வந்து பேனாவைப் பிடுங்கினாள்.

தாமதம் நோயாளியால் வந்ததல்ல, ஆய்வுக்கூடத்தால் வந்தது, அதற்கு நோயாளியின் நாளைக் குறைக்கக் கூடாது என்று அந்தக் கடிதம் சொன்னது. இரண்டாவது பத்தியில், வளர்க்கத் தெரிந்த கை அந்த அக்காவுடையது, அதை நிறுத்த வேண்டாம், மோந்து பார்க்க மட்டும் வேறு ஆள் வையுங்கள் என்று இருந்தது. அந்தப் பத்தியைத் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினாள். கமிட்டி ஐந்து நாள் யோசித்து, முப்பது நாள் கூடுதலாகக் கொடுத்தது. மூக்கம்மா தனியாக எதையும் தொடக் கூடாது, 'வாடை' கட்டத்தில் அவள் டிக் செல்லாது என்று நிபந்தனையும் போட்டது.

குப்பியை உருக்கிய மறுநாள் காலையில் மேடம் தட்டுத் தண்ணீர்க் கப்பை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பெயின்டர் வார்டிலிருந்து செய்தி அனுப்பினார். அந்தக் கப்பைத் தன்னிடம் கொண்டுவரட்டும் என்று.

"நோயாளியே மோந்து பாக்கலாம்னு எந்த விதியில இருக்கு?" என்றார் மேடம்.

"கூடாதுனும் எதுலயும் இல்லையே மேடம்" என்றாள் மூக்கம்மா.

மேடம் அவளை முறைத்தார். அப்புறம், "மூடிய இறுக்கி மூடிட்டுப் போ, கொட்டிடாத" என்றார்.

கப்பையும் தாளையும் எடுத்துக்கொண்டு மூக்கம்மா இரண்டு மாடி இறங்கி வார்டுக்குப் போனாள். பெயின்டர் சதை எடுத்த வலது நாசியை விரலால் அடைத்துக்கொண்டார். "இந்தப் பக்கம் கொஞ்சம் மந்தம்" என்றார். இடது நாசியால் மெதுவாக, சுவரை மோந்து பார்த்துப் பழகிய ஆளின் பொறுமையோடு இழுத்தார். தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு." கப்பை அவளிடம் நீட்டினார். "நீங்களும் பாருங்க."

"எனக்குத்தான் தெரியாதே தம்பி."

"தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் பாக்கச் சொல்றேன்."

மூக்கம்மா கப்பை மூக்கருகே பிடித்து இழுத்தாள். எப்போதும் போல வெறும் காற்று. தாளை முழங்காலில் வைத்து 'வாடை' கட்டத்தில் எழுதினாள்: பெயின்டர், இல்லை. அதற்குக் கீழே தன் பெயரை, பெற்றவர்கள் வைத்த பெயரை எழுதி, பக்கத்தில் 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தங்கை எட்டிப் பார்த்துப் படித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "நாளைக்கும் வரணும்ல" என்றாள், "உக்காருங்க."